இரண்டு வாரம் எதற்கு?

கேள்வி: ஆர்ச் லினக்ஸின் ஏ.யூ.ஆர். களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜ் பழைய பதிப்பிலேயே கிடக்கிறது. பராமரிப்பவர் பதிலே போடுவதில்லை. பொறுப்பை விடுவிக்கச் சொல்லி விண்ணப்பித்தால் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்களே, நியாயமா?

பதில்: நியாயம்தான். விடுவிக்கப்பட்ட பேக்கேஜ், கேட்டவருக்கே போய்ச் சேரும் என்று எண்ணாதீர்கள். யார் முதலில் கைவைக்கிறாரோ அவருக்குத்தான். 2018 ஜூலையில், உரிமையாளர் இல்லாமல் கிடந்த 'அக்ரோரீட்' பேக்கேஜை ஒருவர் எடுத்து, நிறுவுபவரின் கணினியில் வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி ஓட்டும் வரியைச் செருகிவிட்டார். ஆக, ஆபத்தான கணமே விடுவிக்கும் கணம்தான். விஷமியும் இரண்டு வாரம் காத்திருப்பானே என்பீர்கள். காத்திருப்பான், ஆனால் அவகாசம் அவனை வடிகட்ட அல்ல, ஊருக்குப் போயிருக்கும் பராமரிப்பாளர் வாய்திறக்க. அதுவரை பயனர் தவிக்க வேண்டுமா? தேவையில்லை. பேக்கேஜைக் கட்டும் விதத்தைச் சொல்லும் பி.கே.ஜி.பில்ட் கோப்பில் பதிப்பு எண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும் மாற்றி நீங்களே கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதுவே போதும். காலாவதி என்று கொடி குத்தி 180 நாள் கடந்திருந்தால், விண்ணப்பித்ததும் விடுவிப்பு தானாகவே நடந்துவிடும். மற்றபடி விண்ணப்பங்களைப் படித்து முடிவெடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். "ஆள் இல்லை" என்று மொட்டையாக எழுதாமல், பராமரிப்பவரிடம் எந்தத் தேதியில் கேட்டீர்கள், எது உடைந்திருக்கிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.