தோட்டமும் யாழும்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்



கல்முனைக்குத் தெற்கே, இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் ஒருநாள் மாலை வகுப்பு முடிந்து உட்கார்ந்திருந்தோம். கூட்டெரு, விதைநெல், கடன் என்று பேச்சு ஓடியபின், அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் பொலிப்பாட்டு ஒன்று பாடிக் காட்டும்படி கேட்டோம். சூடடிக்கும் காலத்தில் அவருடைய குரல் வட்டை முழுவதும் கேட்கும் என்று மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் சிரித்தார். "களமும் இல்ல, மாடும் இல்ல. அதுக்குப்புறகு பொலிப்பாட்டு எங்கிருந்து தம்பி வரும்?" என்றார். பக்கத்தில் இருந்த மகன், "விடுங்க வாப்பா, பாட்டா இனிச் சோறு போடப்போகுது?" என்றார்.

இந்த இரண்டு கேள்விகளும் எம்மை விடவில்லை. மண்ணை இழந்தவனிடம் அந்த மண்ணின் பாட்டு தங்குமா? பாட்டினால் பயிர் செய்பவனுக்கு என்ன பயன்? இவ்விதழின் பாடத்துக்கு நாம் தெரிந்தெடுத்திருப்பவர் இவ்விரண்டு கேள்விகளோடும் வாழ்நாள் முழுவதும் போராடியவர். அவர் பாடல் இயற்றினார், பிடில் வாசித்தார், மருந்து கொடுத்தார், கரும்பும் பயிரிட்டார். கிறிஸ்தவராகப் பிறந்து கிறிஸ்தவராகவே மறைந்தார். அவர்தான் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

ஊர்விட்டு ஊர் போனவர்

பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2இல் தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரை என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்குப் போன இடத்தில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் பழகினார். அக்காலத்தில் சுருளிமலைப் பக்கம் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து அவரிடம் மூலிகை மருத்துவம் கற்றார்.

இங்கே சற்று நிற்போம். குரு துறவி, மாணவன் வேதாகமம் வாசிக்கும் கிறிஸ்தவன். பிற்காலத்தில் பண்டிதர் தம் தோட்டத்துக்கு வைத்த பெயர் கருணானந்தபுரம். மருந்துகளுக்கு வைத்த பெயர் கருணானந்தர் சஞ்சீவி. நூலின் பெயரோ கருணாமிர்த சாகரம். தம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமலே, கற்பித்தவரின் பெயரை எல்லாவற்றிலும் எழுதி வைத்தார். பல சமயத்தவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் எமது கரையோரத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குச் சென்று பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். சில ஆண்டுகளுக்குப்பின் அந்த வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாயின. அந்த வருமானத்தில் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கினார்.

அந்த நிலத்தை அவ்வூர் மக்கள் 'பண்டிதர் தோட்டம்' என்றே அழைத்தார்கள். அங்கே மூலிகைகளோடு கரும்பும் பிற பயிர்களும் விளைந்தன. அவருடைய கரும்பு விவசாயக் கண்காட்சிகளில் பரிசு பெற்றது. 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தைப் பார்க்க வந்தார். மறு ஆண்டு 'ராவ் சாகிப்' பட்டம் கிடைத்தது. பட்டத்தைவிட எமக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பிறந்த ஊரில் அல்ல, பிழைக்கப் போன ஊரில், பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் நடுவயதில் மண்ணைப் படித்து விவசாயியானார்.

"பாட்டா சோறு போடப்போகுது?" என்ற மகனின் கேள்விக்குப் பண்டிதரின் வாழ்க்கை தரும் பதில் சற்று வேறானது. அவருக்குப் பாட்டு சோறு போடவில்லை. மருந்தும் கரும்பும்தான் பாட்டுக்குச் சோறு போட்டன.

தொலைந்த இசையைத் தேடி

1907இல் அவர் இயற்றிய தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் 'கருணாமிர்த சாகரத்திரட்டு' என்ற பெயரில் வெளிவந்தன. கர்நாடக இசையின் வடிவங்கள், தமிழ்ச் சொற்கள், கடவுளை நோக்கிய வேண்டுதல்கள் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே ஓங்கியிருந்த காலம் அது.

பாடல் கற்பிக்கப் போன இடத்தில் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு 'ச'வுக்கும் அடுத்த 'ச'வுக்கும் இடையே எத்தனை சுருதிகள் உள்ளன? பழைய வடமொழி நூல்கள் 22 என்றன. பாடுவோரின் தொண்டையும் வாசிப்போரின் விரலும் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை என்று அவர் கண்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் புதல்வியரோடு சென்று, அறிஞர்கள் முன் தம் கணக்கை நிறுவிக் காட்ட முயன்றார். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். தாமே நிறுவிய அச்சகத்தில் அச்சிட்டார்.

அவர் சான்று தேடிய இடம் எமக்கு மிகவும் பழக்கமானது. அது கண்ணகியின் கதை. காரைதீவிலும் இக்கரையோரத்துப் பல ஊர்களிலும் கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டவர்கள் எம்மிடையே உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வந்து மதுரைக்கு வெளியே ஓர் இடைச்சேரியில் தஞ்சம் புகுகிறார்கள். அடைக்கலம் கொடுத்தவள் மாதரி என்னும் இடைக்குலப் பெண். கோவலன் சிலம்பு விற்கப் போன பிறகு பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாடுகள் நடுங்குகின்றன. ஏதோ கேடு வருகிறது என்று அஞ்சிய மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்திக் குரவை ஆடச் சொல்கிறாள். அந்த எழுவருக்கும் அவள் இடும் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவை ஏழு இசைகளின் பழந்தமிழ்ப் பெயர்கள்.

அரண்மனையில் அல்ல, மாட்டுத் தொழுவத்தின் முற்றத்தில், மாடு மேய்ப்போரின் கால்களுக்கு நடுவே அந்த இசைக்கணக்கு நின்றுகொண்டிருந்தது. பண்டிதர் இப்பகுதியையும் பழைய உரைகளையும் எழுத்தெழுத்தாகப் படித்து, அந்த வட்டத்தைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் பிரித்துக் கணக்கிட்டார். அந்த இசையை வாசித்த யாழ் என்னும் கருவி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கடல் கொண்ட பெருங்கண்டம் ஒன்றில் தமிழிசை வளர்ந்து, அக்கண்டத்தோடு அதன் நூல்களும் அழிந்தன என்று அவர் நீளமாக எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கண்டம் இருந்ததாக இன்றைய புவியியல் ஏற்பதில்லை. ஆனாலும் 2004 மார்கழியில் கடல் எதையெல்லாம் கொண்டுபோகும் என்று கண்ணால் கண்ட நாம், அந்தப் பக்கங்களை மற்றவர்களைப் போல இலேசாகப் புரட்டிவிட முடிவதில்லை. அவருடைய 24 சுருதிக் கணக்கையும் எல்லா இசையாளரும் ஒப்பவில்லை. ஒப்பாதவர்களுள் ஒருவர் எம்மூர்ப் பக்கத்தவர்.

அவர் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். சிறுவயதில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர், இராமகிருஷ்ண மிஷன் துறவி. பல ஆண்டுகள் உழைத்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில், தஞ்சையைச் சேர்ந்த கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19இல் சுவாமிகள் மறைந்தார். 22 சுருதி என்பதே அவருடைய முடிபு. கிறிஸ்தவ வைத்தியர் ஒரு கணக்கும் சைவக் குடும்பத்தில் பிறந்த துறவி இன்னொரு கணக்கும் சொன்னார்கள். இருவரும் தேடியது அதே யாழை.

செய்து பார்ப்போம்

இந்தச் சுருதிக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் காதால் கேட்பது எளிது. நாலடி நீளப் பலகை ஒன்றை எடுங்கள். இரு முனைகளிலும் ஆணி அடித்து மெல்லிய உருக்குக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பி கிடைக்காவிட்டால் தங்கூசியும் உதவும். கம்பிக்கு அடியில் இரண்டு குச்சிகளைக் குதிரையாகச் செருகுங்கள். இரண்டுக்கும் இடையே சரியாக 96 சென்ரிமீற்றர் இருக்கட்டும். பலகையின் கீழ் வெறும் தகரப் பேணி ஒன்றை வைத்தால் ஒலி நன்றாக எழும். கம்பியைச் சுண்டுங்கள். அதுவே உங்கள் 'ச'.

இப்போது மூன்றாவது குச்சி ஒன்றை நகர்த்தி, அதிரும் பகுதியை 48 சென்ரிமீற்றராக்குங்கள். அதே 'ச' மேலே கேட்கும். 64 ஆக்கினால் 'ப', 72 ஆக்கினால் 'ம'. பாதி, மூன்றில் இரண்டு, நாலில் மூன்று. இவ்வளவுதான். பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்; பின்னக் கணக்கை அவர்கள் காதாலேயே பிடித்துக்கொள்வார்கள். இப்படி மூன்றில் இரண்டாகவே பன்னிரண்டு முறை போனால், தொடங்கிய 'ச'வுக்குப் பக்கத்தில் வந்து சேருவோம், ஆனால் அதன் மேலேயே விழமாட்டோம். மயிரிழை கூடிவிடும். அந்த மயிரிழையை எங்கே வைப்பது என்பதுதான் வித்துவான்களின் சண்டையெல்லாம்.

பருத்திக் காட்டிலிருந்து

நிலத்தை விட்டுப் போனவர்களின் பாட்டு எங்கே போகிறது என்பதற்கு இன்னொரு தேசத்துக் கதையும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டார்கள். அவர்களுடைய உழைப்பிலும் துயரத்திலும் பிறந்த பாட்டுக்கு 'புளூஸ்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலட்சக்கணக்கானோர் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 1899இல் பிறந்த தோமஸ் டோர்சி, ஒரு போதகரின் மகன். சிக்காகோவில் புளூஸ் பியானோ வாசித்துப் பிழைத்தவர். புளூஸ் மெட்டில் ஜெபப்பாடல்கள் எழுதியபோது பல ஆலயங்கள் அது மதுச்சாலைச் சத்தம் என்று அவரைத் திருப்பி அனுப்பின. 1932இல் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துயரத்தில் அவர் எழுதிய ஜெபப்பாடல் இன்று உலகின் பல மொழிகளில் பாடப்படுகிறது. அவரைத் திருப்பி அனுப்பிய வகை ஆலயங்களிலும் பின்னாளில் அந்த மெட்டே நிலைத்தது. டோர்சி 1993இல் காலமானார்.

பண்டிதர் அவ்வளவு காலம் வாழவில்லை. 1919 ஆகஸ்ட் 31இல் மறைந்து, தம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பகுதியை அவருடைய மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டார். தந்தை விட்ட இடத்திலிருந்து ஒரு பெண் தொடர்ந்தாள் என்பதை எமது மாதர் சங்கங்களில் பேசும்போது சேர்த்துச் சொல்லுங்கள்.

குழுக்களுக்கு

பொலிப்பாட்டு, ஏர்ப்பாட்டு, தாலாட்டு, றபான் பாட்டு, களிகம்புப் பாட்டு என உங்கள் குடியிருப்பில் எவற்றை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்? ஒவ்வொன்றும் எந்த வேலையோடு, எந்த மாதத்தில் பாடப்பட்டது? கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவரின் சம்மதத்தோடு ஊர், வட்டையின் பெயர், நாள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். புரியாத சொற்களை அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

ஒன்று மட்டும் எம் அனுபவத்தில் சொல்கிறோம். நேராகப் பாட்டைக் கேட்காதீர்கள். அந்த முதியவரிடம் இரண்டாம் முறை போனபோது நாம் பாட்டைப் பற்றியே பேசவில்லை. சூட்டில் எத்தனை சோடி மாடு விடுவார்கள், முன்னால் போகும் மாட்டுக்கு என்ன பெயர், அது சோர்ந்தால் எப்படி அதட்டுவார்கள் என்று கேட்டோம். அவர் மாட்டின் பெயரைச் சொன்னார். அதை அதட்டிக் காட்டினார். அந்த அதட்டல் இரண்டு தரம் நீண்டு, மூன்றாம் தரம் பாட்டாகிவிட்டது. மகன் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார்.