தீபாவளி முதல் பொங்கல் வரை: வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய 12 குறிப்புகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் தை வரைக்கும் வீட்டில் ஏதாவது ஒரு விசேஷம் இருந்துகொண்டே இருக்கும். வாங்குவது, பொரிப்பது, கொளுத்துவது, தூக்கிப் போடுவது எல்லாமே இந்த மாதங்களில்தான் அதிகம். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், "எதுக்கும்மா இவ்ளோ பிளாஸ்டிக்?" என்று கேட்கிறார்கள். "நாளும் கிழமையுமா எதையாவது பேசாதே" என்று நாம் அடக்கிவிடுகிறோம். பருவநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரி, 2018 ஆகஸ்டில் சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே தனியாகப் பதாகையுடன் உட்கார்ந்தபோது கிரேட்டா துன்பர்க்குக்கு வயது 15. உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே அதே காரணத்துக்காக 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தபோது அவருக்கு வயது 9. அவர்களைச் செய்தியில் பார்த்து வியக்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளையின் கேள்விக்கும் காது கொடுக்க வேண்டும். இந்த வருடம் பண்டிகை வேலையில் சிலவற்றை முழுப் பொறுப்பாகவே அவர்களிடம் விட்டுப் பாருங்கள்.

1. கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே பரணில் இருக்கும் பெட்டிகளை இறக்கி, போன வருடத்து அகல் விளக்கு, சீரியல் செட், தோரணம், கோலப்பொடி என்று எது எவ்வளவு இருக்கிறது எனப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பது எதையும் புதிதாக வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டாலே கணிசமாக மிச்சமாகும்.

2. வளரும் பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தால், தைக்கக் கொடுக்கும்போதே உள்பக்கம் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இடுப்பிலும் கொஞ்சம் துணி விட்டு வைக்கலாம். வருடத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே பாவாடை மூன்று தீபாவளிக்கு வரும். பிரித்த இடத்தில் கோடு தெரிந்தால் அதன்மேல் ஒரு மெல்லிய ஜரிகை வைத்துத் தைத்துவிடலாம். நம் பாட்டிமார் இப்படித்தான் செய்தார்கள். அன்றாட உடுப்புக்குப் பருத்தியே மேல். பாலியெஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன.

3. பலகாரத்துக்கு அகலமான வாணலியை விட, குழிவான சின்ன இரும்புச் சட்டி நல்லது. அதில் பாதி எண்ணெய் போதும். முறுக்கு, தட்டையை முதலில் சுட்டு, வெல்லம் சேர்ந்த அதிரசத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிரசம் போட்டதும் எண்ணெய் கறுத்துக் கசண்டு தங்கிவிடும். பிறகு அதில் வேறு எதையும் சுட முடியாது. மிஞ்சிய எண்ணெய் தெளிவாக இருந்தால் வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்ததை மறுபடி காய்ச்ச வேண்டாம், தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மண்வெட்டி, அரிவாள் துருப்பிடிக்காமல் இருக்கத் துணியில் தொட்டுத் தேய்க்க அது உதவும்.

4. அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுக்க அட்டைப்பெட்டியும் பளபளப்புத் தாளும் தேவையே இல்லை. எவர்சில்வர் தூக்கில் கொடுத்து அனுப்புங்கள். தூக்கு திரும்பி வரும்போது வெறுமனே வராது! வெளியூர் உறவுகளுக்கு, பழைய வேட்டியைக் கரையோடு வெட்டிப் பை தைத்து அதில் போட்டுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் கடையில் கேட்காமலே கவரில் போட்டுத் தருகிறார்கள். பையை எடுத்துப் போகும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒருநாளும் மறக்காது.

5. பட்டாசு வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். கோழை என்று கேலி செய்வது பெரிய தவறு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. அங்கும் தீபாவளி குறைவில்லாமல் நடக்கிறது. வனத்துறையினர் இனிப்போடு வந்து நன்றி சொல்கிறார்கள். வெடித்தே ஆக வேண்டும் என்கிற வீடுகள் காலை 6–7, மாலை 7–8 என்ற நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பசுமைப் பட்டாசில் புகைத்தூள் ஏறக்குறைய 30 சதவீதம்தான் குறைவு. புகையே வராது என்று நம்பிக் கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

6. கார்த்திகைக்குப் புது அகல் வாங்கினால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் நிழலில் உலர்த்துங்கள். அகல் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. பழைய அகலின் பிசுக்கை வெந்நீரும் சீயக்காய்த்தூளும் போட்டுத் தேய்த்தால் எடுத்துவிடலாம். கண்ணாடி, பிளாஸ்டிக் விளக்குகள் இரண்டாம் வருடம் குப்பைக்குப் போகும். மண் அகல் உடைந்தாலும் மண்ணோடு சேரும். வாசலில் இன்னும் குண்டு பல்பு எரிந்தால் மாற்றிவிடுங்கள். அதன் 60 வாட் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும்.

கார்த்திகையன்று மகாதீபம் ஏற்றும் திருவண்ணாமலையைச் சேர்ந்தவர்தான் வினிஷா உமாசங்கர். தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியில் படும் பாட்டைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த பள்ளி மாணவி அவர். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். கிரிவலம் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். குடிதண்ணீரையும் வீட்டிலிருந்தே செம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ கொண்டு போங்கள்.

7. மார்கழிக் கோலத்துக்குப் பச்சரிசி மாவு. வண்ணத்துக்கு மஞ்சள், காவி, அடுப்புக்கரி. கல்மாவுத் தூள் மூச்சுக்கு ஆகாது, எறும்புக்கும் பயனில்லை.

8. விருந்து நாளில் கறி, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரேயடியாக இலையில் பரிமாறாமல், கேட்டுக் கேட்டுப் போடுங்கள். குழந்தைக்கு அரை இலை போதும். உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 சதவீதம், உண்ணாமல் வீணாகும் உணவோடு தொடர்புடையது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும் சோறு மீத்தேனை வெளியிடுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவை விட 80 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. எனவே வாழை இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, இலை ஒரு அடுக்கு என்று ஓட்டை போட்ட மண்தொட்டியில் போட்டு வாருங்கள். ஈரம் மிகுந்து வாடை வந்தால் இன்னும் இரண்டு கை சருகு போட்டுக் கிளறினால் சரியாகிவிடும்.

9. போகிக்கு டயர், ரெக்சின், பிளாஸ்டிக் எதையும் கொளுத்தவே கூடாது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அந்தக் காற்றைத்தான் ஆஸ்துமாக்காரரும் பச்சைக் குழந்தையும் சுவாசித்தார்கள். போகிக்கு ஒரு வாரம் முன்பே நான்கு சாக்குகளை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்: உடுத்தக்கூடிய துணி, பழைய இரும்புக்கடைக்குப் போவது, கெட்டுப்போன மின்சாதனம், மக்கக்கூடியது. கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் நான்காவது சாக்குக்கு. கிழிந்த பாயை உரக்குழிக்கு மூடியாகப் போட்டால் ஈரம் காக்கும்.

10. பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தில் கிழங்கை மட்டும் எடுத்து, முளை மேல்நோக்கி இருக்கும்படி தொட்டியில் ஊன்றுங்கள். கொஞ்ச நாளில் துளிர் விடும். மண்பானையை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி களைந்த நீரை அதில் கொதிக்க வைத்து இறக்கினால் கீறல் விடாது, அடுத்த வருடத்துக்கும் உழைக்கும். கரும்புச் சோகையும் சக்கையும் செடிகளின் அடியில் மூடாக்கு.

11. ஊருக்குப் போகிறவர்கள் தனிக் காருக்குப் பதில் ரயிலோ பேருந்தோ பார்த்து, முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது கீசர், டி.வி., மோட்டார் இணைப்புகளை அணைத்துவிட்டு வர மறக்க வேண்டாம்.

12. வீட்டுக்குள் செய்வதோடு பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், நிற்கவும் கூடாது. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் நவம்பர் 1ம் ஜனவரி 26ம் இந்தப் பண்டிகைக் காலத்தை ஒட்டியே வருகின்றன. ஏரிக்கரையில் குப்பை கொட்டுவதைத் தடுப்பது, பண்டிகைக்கு மறுநாள் கூடுதல் குப்பை வண்டி என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதை ஒரே தாளில், ஒரே கோரிக்கையாக அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை நாளாக, என்ன வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஓட்டுரிமை உள்ள நீங்கள் கையெழுத்திட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டத் தலைவரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி நகலைப் பத்திரப்படுத்துங்கள். நவம்பரில் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து கேட்க அந்த நகல் வேண்டும்.