மனக்கவலையும் உயிரின் சார்பும்

உலகத்து உயிர்கள் யாவும் இன்பத்தை விரும்புவன, துன்பத்தை வெறுப்பன. துன்பம் வந்தபோது வருந்துதல் எல்லா உயிர்க்கும் பொது. அது வருமுன்னரே அதனை உள்ளத்தின்கண் வருவித்துக்கொண்டு வருந்துதலோ மக்களுயிர்க்குச் சிறப்பாக உரிய குறையாகக் காணப்படுகின்றது. இதனையே கவலை என்பர். வந்த துன்பம் ஒரு நாழிகை வருத்துமாயின், வருமென்று எண்ணிய துன்பம் ஓர் இரவு முழுதும் வருத்துகின்றது.

கோயம்புத்தூர்க் காந்திபுரத்தில் காலையிலோ மாலையிலோ சிறிது பொழுது நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். நகரப் பேருந்துகளும் வெளியூர்ப் பேருந்துகளும் வந்து கூடும் அவ்விடத்தில், ஆலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் விரைவார் மிகப் பலர். கால் ஓரிடத்து நிற்பினும் மனம் நில்லாமையை அவர் முகங்களிற் காணலாம். கடன் தவணையை எண்ணுவார் ஒருவர். மகளின் தேர்வை எண்ணுவார் ஒருவர். மருத்துவர் சொல்லவிருக்கும் சோதனை முடிவை எண்ணுவார் மற்றொருவர். அங்குள்ள நிலையங்களுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெருமானார் தம் நூலின் முதல் அதிகாரத்து 7ஆம் குறளிலேயே மனக்கவலையை எடுத்துக்கொண்டு, ஒப்பற்ற இறைவனது திருவடியைச் சார்ந்தாரே அதனின் நீங்குவர் என்னும் கருத்தினை வைத்தருளினார். கடவுள் வாழ்த்திலேயே இது கூறப்பட்டமையின், கவலை தீர்தல் இறைவழிபாட்டின் பயன்களுள் ஒன்றென்பது பெறப்படும். ஆயின் ஓர் ஐயம் எழுகின்றது. நாள்தோறும் கோயிலுக்குச் சென்று வருவாரும் கொண்டு சென்ற கவலையோடே திரும்பக் காண்கின்றோம். அஃது என்னை? திருவடியைச் சார்தல் என்பதுதான் யாது? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கவலை தோன்றுமாற்றை ஆராய்வாம். நம் சித்தாந்தம் அகக்கருவிகளைச் சித்தம், மனம், அகங்காரம், புத்தி என நான்காக வகுக்கும். சித்தம் ஒன்றனை நினைக்கும். மனம் அதனைப் பற்றி இதுவோ அதுவோ என்று ஐயுறும். அகங்காரம் இதனை யான் துணிவேன் என்று எழும். புத்தி இன்னதென்று துணியும். இவை முறையே தொழிற்படின் ஓர் எண்ணம் முடிவு பெறும். கவலையிலோ அம்முடிவு நிகழ்வதில்லை. நாளை யாதாகுமோ என்று சித்தம் நினைக்கின்றது. மனம் அதனை நூறு வகையாக ஐயுறுகின்றது. எனக்கன்றோ இது நேரப்போகின்றது என்று அகங்காரம் எழுகின்றது. துணிதற்குரிய பொருள் இன்னும் நிகழாமையின் புத்தி வாளா இருக்கின்றது. மீண்டும் சித்தமே தொடங்குகின்றது. செக்கிற் பூட்டிய எருது நாளெல்லாம் நடந்தும் ஓர் ஊரையும் சென்று சேராதவாறு போல, கவலையுற்றான் எண்ணமும் எத்துணை நெடிதாயினும் ஒரு துணிவையும் சென்று சேராது.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், உயிர் இவ்வகக்கருவிகளுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரொடு கூடிநிற்றல் போல இவற்றொடு கூடி நிற்பதென்றும் உணர்த்தினார். அமைச்சர் தம்முள் பூசலிடுங்கால், அப்பூசலே தானென்று மயங்கும் அரசன் உளனாயின் அவன் நாடு என்னாகும்? நாமோ நாள்தோறும் அவ்வாறே மயங்குகின்றோம். கருவிகளில் எழுந்த கலக்கத்தை உயிரின் இயல்பென்று கொள்கின்றோம். இவ்வேறுபாட்டை உணர்தலே அமைதிக்கு முதற்படி என்க.

நிற்க. கவலைக்கு மருந்தாவதொன்று நம் கொங்குநாட்டின்கண்ணே ஏறத்தாழ 1300 ஆண்டுகட்கு முன்னர் அருளப்பட்டது. தேவாரப் பாடல்பெற்ற கொங்குநாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்று கொடிமாடச்செங்குன்றூர். இக்காலத்தே நாமக்கல் மாவட்டத்துள் திருச்செங்கோடு என வழங்குவது அதுவே. திருஞானசம்பந்தப் பிள்ளையார் அடியார் கூட்டத்தோடு அத்தலத்தை வழிபட்டு, பவானி என வழங்கும் திருநணாவையும் வணங்கி மீண்டும் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலை, பனிப்பருவம் வந்தது. அந்நாட்டிற்கு இயல்பாகிய குளிர்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றி வருத்துவதாயிற்று. அவர்கள் பிள்ளையார்பால் விண்ணப்பிக்க, அவர் திருநீலகண்டத்தை முன்னிட்டு ஒரு பதிகம் அருளினார். முதல் திருமுறையில் 116ஆம் பதிகமாக உள்ளது அது. அடியாரைப் பற்றிய சுரம் அந்நாட்டையே விட்டு நீங்கிற்றென்று சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துட் கூறுவர்.

இச்செய்தியில் நாம் முதற்கண் உளங்கொளற்பாலது ஒன்றுண்டு. சுரம் கண்டவர்கள் அடியார்கள். அதிலும் ஞானசம்பந்தரை உடனிருந்து தொழுதவர்கள். அவர்க்கும் நோய் வந்தது. ஆகலின் நோயும் அச்சமும் அன்பின்மையால் வந்தனவென்று தம்மைத் தாமே இழித்துக்கொள்வார் கூற்றுப் பொருந்தாது. இனி அப்பதிகம் உணர்த்தும் பொருளை மூன்றாக வகுத்துக் காண்பாம்.

ஒன்று, அறிவு. முன்செய்த வினைக்கு ஈடாக இது வந்ததென்று சொல்லியமைகின்ற நீவிர், உய்யும் நெறியை நாடாதிருத்தல் குறையன்றோ என்று வினவும் கருத்தோடு பதிகம் தொடங்குகின்றது. வினைக்கொள்கை உடையார் முயற்சியற்றுக் கிடப்பர் எனக் கூறுவார்க்கு இதுவே விடையாம். பிராரத்த வினை உடலளவில் வந்து நுகரப்பட்டுக் கழிவது. அதனை நுகருங்கால் யான், எனது என்னும் முனைப்பினாற் செய்யப்படுவன ஆகாமியமாய் மேலேறும். சுரம் பிராரத்தம், சுரத்தை எண்ணி எண்ணிக் கலங்கும் கவலையோ ஆகாமியத்திற்கு வித்து. பழங்கடனை அடைக்கச் செல்பவன் வழியிலேயே புதுக்கடன் வாங்கித் திரும்புதல் எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமைத்து நுகர்ந்து கழிக்கவேண்டிய துன்பத்தின்மேற் கவலையை ஏற்றிக்கொள்ளுதல். துன்பம் நம் வசத்ததன்று. அதன்மேல் நாம் ஏற்றும் முனைப்போ குறைத்துக்கொள்ளத்தக்கது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இரண்டு, செயல். பதிகத்தின் இரண்டாம் பாடலில் பிள்ளையார், சோலை வைத்தலையும் குளம் தோண்டுதலையும் கனிந்த உள்ளத்தோடு செய்யும் தொண்டாக எடுத்தோதி, காலையும் மாலையும் மலர் கொய்து இறைவனைப் போற்றுதலையும் உடன் கூறுகின்றார். சுரத்தினால் நடுங்குவார்முன் சோலையையும் குளத்தையும் கூறுவானேன்? கவலை என்பது வேலையற்ற கையும் ஓய்வற்ற மனமும் சேர்ந்தவிடத்து வளர்வது. கை பிறர்க்குப் பயன்படும் ஒரு தொழிலிற் படிந்தவழி, மனம் சுழலுதற்கு இடங் குறைகின்றது. மேலும் சோலை வைப்பான் நிழலைத் தான் நுகர்வானென்னும் உறுதியில்லை. குளம் தொடுவான் நீரைத் தான் பருகுவானென்னும் உறுதியில்லை. எனவே அத்தொழில் நாளை எனக்கு என்னாகும் என்னும் எண்ணத்தை நாளை பிறர்க்கு என்னாகும் என்னும் அருளெண்ணமாக மாற்றிவிடுகின்றது. நொய்யலாற்று நீரை ஏற்று நிற்கும் குளங்கள் கோவையிற் பல உள. அவற்றுள் ஒன்றின் கரையைத் துப்புரவு செய்தலும், ஒரு மரக்கன்றிற்கு நாள்தோறும் நீர் வார்த்தலும் பிள்ளையார் காட்டிய மருந்தின்பாற்படும்.

மூன்று, சார்பு. இதுவே முடிந்த பொருளாகும். உயிர் தனித்து நில்லாது. யாதொன்றைப் பற்றினும் அதன் வண்ணமாதல் அதன் இயல்பு என்பது நம் சித்தாந்தத்தின் ஆணிவேர். மேனாட்டு யவன ஞானியருள் எபிக்டீடசு என்பார், பொருள்கள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணங்களே கலக்குகின்றன என்னும் கருத்தைப் போதித்தார். அது மெய்யே. ஆயினும் எண்ணத்தைத் தன் அறிவொன்றாலேயே திருத்திக்கொள்க என்றால், கலங்கிய அறிவே தன்னைத் தான் தெளிவிக்க வேண்டுவதாகின்றது. சைவசித்தாந்தமோ, பற்றுக்கோட்டினை மாற்றிக்கொள்க என்று கூறும். காந்திபுரத்தினின்று புறப்படும் பேருந்தொன்றில் இடமின்றி நிற்பான் ஒருவன், தன்னைப் போலவே தள்ளாடும் மற்றொருவன் தோளைப் பற்றினானாயின், இருவரும் ஒருங்கு சாய்வர். வண்டியொடு பிணைத்த கம்பியைப் பற்றினானாயின், வண்டி குலுங்கினும் அவன் விழான். கம்பி குலுக்கத்தை நிறுத்தியதில்லை, விழாமையைத் தந்தது. பொருளும் புகழும் உடல்நலமும் சுற்றமும் நம்மொடு தள்ளாடுவன. அவற்றைப் பேணுதல் கடமை. அவற்றையே பற்றுக்கோடாகக் கொள்ளுதல் கவலைக்குக் காரணம்.

பதிகம் திருநீலகண்டத்தை முன்னிட்டமையின் நயமும் ஈண்டு விளங்கும். ஆலகால நஞ்சு எழுந்தபோது தேவர் யாவரும் அஞ்சி ஓடினர். இறைவன் அதனை இல்லையாக்கினானல்லன். தன் மிடற்றில் நிறுத்தினான். நஞ்சு நஞ்சாகவே இருப்பினும் அதன் இடம் மாறிற்று. மாறவே அஃது அவனுக்கு அணியும் அடியார்க்கு அடைக்கலமும் ஆயிற்று. அவ்வாறே நம் துன்பமும் இல்லாதொழியுமென்பது உறுதியன்று. அதனைத் தாங்குவோன் மாறுகின்றான். அதுவே திருவடியைச் சார்தல். கோயிலுக்குச் சென்றும் கவலையோடு மீள்வார், தாம் விரும்பிய பயனையே பற்றுக்கோடாகக் கொண்டு, இறைவனை அப்பயனுக்குக் கருவியாக்கினர். சார்ந்தது பயனை, வணங்கியது மட்டும் இறைவனை. எழுந்த ஐயத்திற்கு விடை இதுவேயாம்.

அற்றேல், துன்பத்தை வாய்விட்டுக் கூறுதலும் குற்றமாமோ எனின், ஆகாது. அவிநாசிக்கு அணித்தாகிய திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்ததை நோக்குக. சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பெரும்பொருளோடு மீண்ட சுந்தரமூர்த்தி நாயனாரை, இறைவன் ஏவலால் பூதகணங்கள் வேடர் உருவிற் போந்து பறித்தன. நாயனார் மனத்தை மறைத்துக்கொண்டு இருந்தாரல்லர். வழிப்பறி செய்வார் வாழும் இவ்விடத்தில் நீர் எதன்பொருட்டு இருக்கின்றீர் என்று இறைவனையே வினவிப் பாடினார். பறிபோன பொருள் மீண்டும் வந்தது. முறையிட்டமை குறையன்று, முறையிடற்குரிய இடத்தில் முறையிட்டமையே அவர் பெருமை. சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் ஐம்புலன்களையும் வேடரென்றே உருவகித்து, அவரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிரைக் குருவாக வந்த இறைவன் மீட்பதாகக் கூறும். நம் அமைதியைப் பறிப்பாரும் அவ்வேடரே, மீட்பானும் அவ்விறைவனே.

இனி மருத்துவம் பற்றியும் ஒருசொல். பல நாள் உறக்கமின்மை, நெஞ்சு படபடத்தல், மூச்சுத் திணறல், உணவில் வெறுப்பு, உயிர் வாழ்வதிலேயே வெறுப்பு ஆகிய இவை தோன்றியவிடத்து மனநல மருத்துவரைக் காலந் தாழ்க்காது நாடுதல் வேண்டும். இதில் நாணுதற்கு ஏதுமில்லை. என்னை? மனம் முதலிய அகக்கருவிகள் உடம்பைப் போலவே மாயையின் காரியங்கள். ஆகலின் உடம்பின் நோய்க்கு மருந்துண்ணுதல் எவ்வாறு பொருந்துமோ, மனத்தின் நோய்க்கும் அவ்வாறே பொருந்தும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோவையிற் பிளேக்கு நோய் பலமுறை பரவிற்று. அஞ்சிய மக்கள் பிளேக்கு மாரியம்மன் என்று தாயின் பெயரொடு அதனைச் சேர்த்து எழுப்பிய கோயில்கள் இன்றும் இந்நகரில் உள. கொரோனா நோய் பரவியபோதும் நாம் தடுப்பூசியையும் நாடினோம், தெய்வத்தையும் தொழுதோம். மருந்தும் மன்றாட்டும் ஒன்றற்கொன்று பகையல்ல.

முடிவாக, நாள்தோறும் கைக்கொள்ளற்பாலன சில கூறுவாம். வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, மூச்சு மெல்லச் சென்று வருமாறு அமர்ந்து, திருவைந்தெழுத்தை நூற்றெட்டு முறை எண்ணுக. கவலை எழுங்கால் அதனை விரட்ட முயலாது, இது கருவியின் கலக்கம், யான் இதுவல்லேன் என்று ஒருமுறை நோக்குக. பின்னர் இன்று என் கையாற் செய்யத்தக்கது யாது என்று வினவி, அதனைச் செய்க. செய்யத்தகாத மிகுதியைத் திருநீலகண்டத்திற்கு விடுக. மாலையிற் பேரூர்ப் பட்டிப்பெருமான் திருமுன்னரோ, அணித்தாகிய ஒரு கோயிலிலோ சிறிது பொழுது இருக்க. தனித்திருந்து கவலையை வளர்க்காது அடியாரோடு கூடுக. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் முடிந்த நிலையிலும் அன்பரொடு கூடுதலையே விதித்தது. பிள்ளையாரும் செங்குன்றூரில் ஒருவர் பொருட்டன்றி அடியார் அனைவரையும் தம்மொடு உளப்படுத்தியே பாடினார். நலம் நாடு முழுமைக்கும் விளைந்தது.

நாளைக் காலையும் காந்திபுரத்திற் பேருந்துகள் குலுங்கும். தவணைகளும் தேர்வுகளும் சோதனை முடிவுகளும் வரும். குலுக்கம் நம் வசத்ததன்று. பற்றும் கை நம்முடையது. பற்றப்படும் திருவடியோ என்றும் அசைவற்றது.

திருச்சிற்றம்பலம்.