காலை வாந்தி எல்லாம் வயிற்றுக் கோளாறு அல்ல

எங்கள் ஏழு வயது மகளுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா. சிறுமூளையில் தோன்றும் புற்றுக்கட்டி. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுகளில் இதுவே அதிகம் என்றாலும், மொத்தத்தில் அபூர்வமான நோய்தான். அதனால் எளிதில் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. இந்தப் பாதையில் நடந்த தாயாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அறிகுறி: காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்ததும் வலி விட்டுவிடும்; இட்லி சாப்பிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். வயிற்றுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். பிறகு சுவரைப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தாள். நரம்பியல் மருத்துவர் தரை டைல்ஸ் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னார். இரண்டே அடியில் சாய்ந்தாள். அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி மூளைநீரின் வழியை அடைத்திருந்தது. இரவெல்லாம் படுத்திருப்பதில் மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால்தான் காலையில் தொல்லை என்று விளக்கினார்.

அறுவைக்குப் பின்: சில குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் பேச்சு நின்றுபோகும். எங்கள் மகளுக்கும் நின்றது. பெரும்பாலும் மெல்லத் திரும்பிவரும். பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள்.

பயாப்ஸி: புற்று என்ற முடிவோடு நிறுத்தாமல், மரபணு வகையையும் கேளுங்கள். டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4 என நான்கு முக்கிய வகைகள் உண்டு. டபிள்யூ.என்.டி. வகையில் குழந்தைகள் தேறும் வாய்ப்பு மிக அதிகம். குரூப் 3 கடுமையானது. திசு வைத்த பாரஃபின் பிளாக்கை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

ரேடியேஷன்: புற்றணுக்கள் மூளைநீர் வழியே முதுகுத்தண்டுக்குப் பரவக்கூடியவை. எனவே தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ., முதுகுநீர்ப் பரிசோதனை இரண்டும் அவசியம். மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் பொதுவாக மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷன் தருவார்கள். அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

கீமோ: சிஸ்பிளாட்டின் மருந்து காது கேட்கும் திறனைக் குறைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேஷனால் வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் குறையலாம். படிப்பில் வேகம் குறையலாம். சிகிச்சை முடிந்தாலும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தேவை.

பெற்றோரே, காலைத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.