குழந்தைகளோடு சிங்கப்பூரா? ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்!

"டாக்டர்... ஊர் சுத்திப் பார்க்கப் போன இடத்துல குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏத்தற மாதிரி ஆயிடுச்சு!"

கோடை விடுமுறை முடிந்த கையோடு என்னைப் பார்க்க வந்த அந்த இளம் தாயின் குரலில் நடுக்கம் இன்னும் தீரவில்லை. கணவர், மனைவி, ஐந்து வயதுப் பெண், இரண்டரை வயதுப் பையன் என்று நாலு பேரும் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு நாள் போயிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் என்று வீட்டுக்காரர் போட்டு வைத்திருந்த லிஸ்ட்டில் மொத்தம் பதினோரு இடம்!

இரண்டாவது நாள் காலையில் மிருகக்காட்சி சாலை. அங்கிருந்து நேராக சென்டோசா தீவு. சாயங்காலம் விளக்கு அலங்காரம். பையன் மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. நாள் முழுக்க உள்ளே போனது ஒரு ஜூஸ் பாக்கெட்டும் நாலு சாக்லேட்டும்தான். ராத்திரி வாந்தி ஆரம்பித்தது. விடிகிற வரைக்கும் சொட்டு சிறுநீர் இல்லை. கண்கள் குழிவிழுந்து, குழந்தை துவண்டுபோன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். 'எதுக்கு வீண் செலவு?' என்று டிராவல் இன்ஷூரன்ஸும் எடுக்கவில்லை. பில்லைப் பார்த்ததும் பெரியவர்களுக்கும் மயக்கம் வராத குறை!

"நம்ம மெட்ராஸ் வெயில்ல வளர்ற பிள்ளைதானே டாக்டர்... அங்க மட்டும் ஏன் இப்படி?"

நியாயமான கேள்வி. இதற்கான பதிலில்தான் பயணத்தின் சூட்சுமமே இருக்கிறது.

வெயில் அல்ல, வேகம்!

பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது சிங்கப்பூர். வருஷம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ் வெப்பம். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சுலபத்தில் காயாது. சென்னைவாசிகளுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். ஆனால், சென்னையில் உங்கள் குழந்தையைக் காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிவரை வெயிலில் நடக்க விடுவீர்களா? மாட்டீர்கள் அல்லவா! அங்கே விடுகிறோம்.

அதோடு ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் ஏ.ஸி. குளிர். குளிரில் இருக்கும்போது குழந்தைக்குத் தாகம் தெரியாது. வேடிக்கை பார்க்கிற சுவாரஸ்யத்தில் 'தண்ணி வேணும்' என்று கேட்கவும் மாட்டான். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பில் நீர் வற்றுவது வேகமாக நடக்கும். அந்த நிலையில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் நாலு தடவை வாந்தி எடுத்தால் போதும், நிலைமை கைமீறிவிடும்.

எனவே, நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரத் தூக்கம். சாயங்காலம் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன வேடிக்கை. அவ்வளவுதான்!

'இவ்வளவு பணம் செலவழிச்சுப் போய், ரூமுக்குள்ள தூங்கவா?' என்று கேட்பீர்கள். தூங்கிய குழந்தை சாயங்காலம் சிரிக்கும். தூங்காத குழந்தை எதைக் காட்டினாலும் அழும். எது லாபம், நீங்களே சொல்லுங்கள்!

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே...

டிக்கெட் போட்டவுடன் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் குழந்தை டாக்டரைப் பாருங்கள். தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., ஹெபடைடிஸ்-ஏ, சின்னம்மை இவற்றில் ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பார். ஃப்ளூ ஊசி போட்டு அதன் பலன் கிடைக்கச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் தடவையாக ஃப்ளூ ஊசி போடுவதென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். அதனால்தான் 'ஆறு வாரம்' என்கிறேன்.

இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். அங்கே உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கிற அரசு மானியம் நமக்குக் கிடையாது. முழுக் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் பாட்டியும் கூட வருகிறார் என்றால் அவருடைய மாத்திரைகளையும் சரிபார்த்து, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சமையல் பொடி எடுத்துப் போகிறவர்களே... கசகசாவை விட்டுவிடுங்கள். அங்கே அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாத பொருள் அது!

விமானத்தில்...

"பிளேன்ல தூங்கறதுக்கு ஏதாவது சிரப் எழுதிக் குடுங்க டாக்டர்..." மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! சளிக்கான அலர்ஜி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது ஆபத்து. சின்னக் குழந்தைகளுக்கு அது மூச்சையே மந்தமாக்கலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பும் ஆட்டமும் வந்துவிடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம்தான். படப் புத்தகம், கலர் பென்சில், இரண்டு புதுப் பொம்மை இருந்தால் ஓட்டிவிடலாம்.

விமானம் இறங்கும்போது காது வலிக்கும். காற்றழுத்தம் மாறுவதுதான் காரணம். விழுங்கினால் காதுக்குள் அழுத்தம் சமனாகும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரிய குழந்தைக்கு ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தரை இறங்க அரை மணி இருக்கும்போதே இதை ஆரம்பித்துவிடுங்கள். அந்த நேரம் குழந்தை விழித்திருப்பது நல்லது. காதில் சீழோ கடும் சளியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

இரண்டரை மணி நேர ரகசியம்

சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை எட்டு மணி டூர் பஸ் என்றால் உங்கள் குழந்தையின் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்தரை! முதல் இரண்டு நாள் பத்து மணிக்கு மேல் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே ஒரு சௌகரியமும் இருக்கிறது. 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்தின் ராட்சத மரக் கோபுரங்களில் ராத்திரி 7.45க்கு விளக்குக் காட்சி நடக்கும். பார்க்கக் கட்டணம் இல்லை. நம் கணக்கில் அது மாலை ஐந்தேகால்தானே! மதியம் தூங்கி எழுந்த குழந்தை உற்சாகமாகப் பார்க்கும்.

ராத்திரி விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். ஓட்டலில் அறை கொடுப்பதோ பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. தூக்கம் கெட்ட குழந்தையோடு எட்டு மணி நேரம் எங்கே போவீர்கள்? சீக்கிரமே அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் பகல் விமானம் நல்லது.

சாப்பாடும் தண்ணீரும்

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். கேட்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை நீங்களே கொடுங்கள். ஆனால் எம்.ஆர்.டி. ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீருக்கும் மிட்டாய்க்கும்கூடத் தடை. மீறினால் 500 டாலர் வரை அபராதம்! எனவே நிலையத்துக்குள் நுழையும் முன்பே குடிக்க வைத்துவிடுங்கள்.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால் இட்லி, தோசை, தயிர் சாதம் எல்லாம் கிடைக்கும். அங்குள்ள கோமள விலாஸ் 1947லிருந்து நடக்கிற ஓட்டல். 'வெளிநாடு போயும் தயிர் சாதமா?' என்று கேலி செய்யாதீர்கள். புது ஊரில் குழந்தையின் வயிற்றுக்கு ஒரு வேளையாவது பழகிய சாப்பாடு வேண்டும். புது அயிட்டங்களைப் பகலில், கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

கை கழுவுவதில் கறாராக இருங்கள். கை, கால், வாயில் கொப்புளம் வருகிற வைரஸ் காய்ச்சல் அங்கே சின்னக் குழந்தைகளிடம் பரவுவது உண்டு. அந்த வைரஸுக்கு சானிடைஸரைவிட சோப்பும் தண்ணீரும்தான் சரி.

எங்கே போகலாம்?

பொட்டானிக் கார்டன்ஸ் 2015ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான தோட்டம். அதற்குள்ளேயே குழந்தைகளுக்கென்று ஜேக்கப் பல்லாஸ் தோட்டம் இருக்கிறது. 'கார்டன்ஸ் பை த பே'யிலும் தண்ணீரில் விளையாட ஒரு குழந்தைகள் தோட்டம் உண்டு. இரண்டுக்குமே நுழைவுக் கட்டணம் இல்லை. மாற்று உடையும் துண்டும் மறக்காதீர்கள். மிருகக்காட்சி சாலை போகிற அன்று வேறு எதுவும் வேண்டாம். அதுவே ஒரு நாள் வேலை.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். சிங்கப்பூரிலும் டெங்கு உண்டு. தோட்டங்களுக்குப் போகும்போது முழுக்கை, முழுக்கால் உடை போட்டு, டாக்டர் சொன்ன கொசு விரட்டியைத் தடவுங்கள். குழந்தையின் உள்ளங்கையில் மட்டும் தடவாதீர்கள். நேரே வாய்க்குப் போய்விடும்.

காரில் போவதானால் ஒரு விஷயம். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான குழந்தைக்கு அங்கே உரிய இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்ஸிக்கு விலக்கு உண்டு. ஆப் மூலம் வரும் தனியார் காருக்கு இல்லை. புக் செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலும் பஸ்ஸும் ரொம்பச் சௌகரியம். தள்ளுவண்டியோடு ஏறலாம்.

தினமும் காலையில் கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையில் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். சட்டைப் பையில் உங்கள் நம்பரும் ஓட்டல் பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டத்தில் கை நழுவினால், 'என்ன கலர் சட்டை?' என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது.

எப்போது ஆஸ்பத்திரி?

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்துவிட்டது, கண் குழிவிழுந்திருக்கிறது, கூப்பிட்டால் மந்தமாகப் பார்க்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

அங்கே ஆம்புலன்ஸ் எண் 995. லிட்டில் இந்தியாவை ஒட்டியே இருக்கும் கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 24 மணி நேரமும் குழந்தைகள் அவசரப் பிரிவு உண்டு. உங்கள் ஓட்டலிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'வெளிநாடு போய் வந்தோம்' என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஐந்தாறு. உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்க வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். இனிப்பு ஜூஸ் இதற்கு மாற்று ஆகாது.

* பாராசிட்டமால் சிரப். 5 மி.லி.யில் 120 மி.கி., 250 மி.கி. என்று இருவேறு வீரியத்தில் வருகிறது. எடைக்கு ஏற்ற அளவை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, பாட்டில் மேலேயே ஒட்டுங்கள். ஆஸ்பிரின் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரூஃபனும் கூடாது.

* தெர்மாமீட்டர், பேண்ட்-எய்ட், குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், சீட்டின் நகல். மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு வையுங்கள்.

* ஏ.ஸி.க்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர், வெயிலுக்குத் தொப்பி, திடீர் மழைக்குக் குடை.

முடிக்கும் முன் ஒரு விஷயம். அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து வயதுப் பெண்ணிடம், "சிங்கப்பூர்ல உனக்கு எதும்மா ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "எஸ்கலேட்டர்!"

பதினோரு இடத்தில் அது இல்லவே இல்லை. அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நீங்களும் உங்கள் லிஸ்ட்டை எடுங்கள். பாதியை அடித்துவிட்டு, பெட்டி கட்டுங்கள்!