பால்மரத்துக்கு வெள்ளையடிக்கும் பிலிம்

அன்புள்ள மருமகனே,

சுங்கை சிப்புட் பக்கம் மிச்சமிருக்கும் பால்மரங்களை அகச்சிவப்பு பிலிமில் எடுத்து, ஈப்போவில் வீட்டிலேயே கழுவப்போவதாக எழுதியிருந்தாய். மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் போகாதே. படத்தில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துத் தெரிவது இலைதான். சிவப்பு ஒளியைப் பச்சையம் விழுங்கிவிடும். கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை இலையின் உள்திசுக்கள் திருப்பி அனுப்பிவிடும். 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட்டின் பெயரால் இதை வுட் விளைவு என்பார்கள்.

இனி சாமான்கள். பிலிம் கழுவக் கறுப்பு பிளாஸ்டிக் டாங்க் வேண்டாம், அகச்சிவப்பு உள்ளே கசியும் என்று பழைய புத்தகங்கள் பயமுறுத்தும். அது 900 நானோமீட்டர் வரை பார்த்த கோடாக் எச்ஐஇ பிலிமுக்கான எச்சரிக்கை. 2007இல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. நீ வாங்கப்போகும் இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 ஏறக்குறைய 740 வரைதான் பார்க்கும். ஆனாலும் எவர்சில்வர் டாங்க்கையே வாங்கு என்பேன். காரணம் நம் ஊர்ப் புழுக்கம். ஒளி புகாத துணிப்பைக்குள் கைவிட்டுப் பிலிமைச் சுருளில் சுற்றும்போது உள்ளங்கை வியர்க்கும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் சுருளில் பிலிம் பாதியில் சிக்கி நகராது. கம்பிச் சுருளுக்கு ஈரம் ஒரு பொருட்டல்ல. கை பழகத்தான் நாளாகும்; வீணான பிலிம் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிப் பழகு. பையைவிட, இரவில் குளியலறைக் கதவிடுக்கைத் துண்டால் அடைத்துக்கொள்வது மேல். சினிமாவில் வரும் சிவப்பு விளக்கை நம்பிவிடாதே. சிவப்பைப் பார்ப்பதற்கென்றே பிறந்த பிலிம் இது.

அடுத்து நல்ல வெப்பமானி. டி-76 போன்ற டெவலப்பருக்கு அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. நம் குழாய்த் தண்ணீர் 28ஐத் தொடும். அந்தச் சூட்டில் கழுவும் நேரம் மிகவும் குறுகி, படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். மூடிய மருந்து போத்தல்களை ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் நிற்கவை. ஐஸை மருந்துக்குள் போட்டுவிடாதே, மருந்து நீர்த்துப்போகும். ஃபிக்ஸரும் அலசும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியில் இருக்கட்டும்.

அளவுக் குவளைகளைப் புதிதாக வாங்கு; அக்காவின் அடுப்படியில் கைவைக்காதே. காயப்போட இரண்டு துணிக் கிளிப் போதும், குளியலறையில் மின்விசிறி இல்லாமல். ஐஸ் பெட்டியில் வைத்த பிலிமை எடுத்தவுடன் பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்திரு, இல்லையென்றால் வியர்த்துவிடும்.

அன்புடன்,
மாமா