குற்றவாளி கியர் பாக்ஸா, குட்டி சென்சாரா?



'மோட்டார் ஹோம்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? லாரி அல்லது வேனின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு வீட்டையே கட்டி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் மோட்டார் ஹோம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் இந்த வண்டிகள் அதிகம். அங்கே அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற ஊரில் வின்னிபேகோ நிறுவனம் 1966-ல் இவற்றைச் செய்ய ஆரம்பித்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியிலேயே வருடம் முழுக்க வாழ்கிறார்கள். புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் 1990-களில் செய்த பழைய வண்டியை வைத்து ஓட்டுகிறார்கள். அந்த வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றால் அவர்கள் வீடே ஒர்க் ஷாப்பில் நிற்கிறது என்று அர்த்தம். அதனால் பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பது ரொம்ப முக்கியம்.

வண்டி விஷயம் பையன்களுக்குத்தான் என்று யாரும் தாண்டிப் போய்விடாதீங்க. இதில் இருப்பது முழுக்க நம்ம அறிவியல் பாடமும் கணக்குப் பாடமும்தான்.

தானாக மாறும் கியர்

நம்ம ஊர் பஸ்ஸில் டிரைவர் கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுவார். மோட்டார் ஹோமில் பெரும்பாலும் கியர் தானாக மாறும். உதாரணமாக, ஃபோர்டு கம்பெனி 1989-ல் 'ஈ4ஓடி' என்ற கியர் பாக்ஸைக் கொண்டுவந்தது. முன்னோக்கிப் போக அதில் நான்கு கியர்கள். எப்போது எந்தக் கியர் என்று முடிவு செய்வது ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முக்கியமாக இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறார்கள்? வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வேக சென்சார். கட்டை விரல் அளவு பொருள்தான் அது. 1990-களில் வந்த பல ஃபோர்டு வேன், லாரிகளில் அது பின் அச்சின் நடுவில், உருண்டையாக இருக்கும் ஹவுசிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும்.

பஸ் கண்டக்டரை நினைத்துப் பாருங்கள். பின்னாடி நடப்பது டிரைவருக்குத் தெரியாது. கண்டக்டர் விசிலை நம்பித்தான் வண்டியை எடுப்பார். கண்டக்டர் தப்பாக விசில் ஊதினால், டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பஸ் தப்பான இடத்தில்தான் நிற்கும். சென்சார்தான் கண்டக்டர், கம்ப்யூட்டர்தான் டிரைவர்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது?

உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். அதன் எதிரே பல் வைத்த இரும்பு வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடந்து போகும்போது காந்தப் புலம் மாறுகிறது. காந்தப் புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார் அல்லவா? அதே தத்துவம்தான் இது.

பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாக மிதித்தால் மங்கிவிடும். சென்சாரும் அப்படித்தான். வண்டி வேகமாகப் போனால் துடிப்புகள் அதிகம், மின்னழுத்தமும் அதிகம். வண்டி ஆமை போல ஊர்ந்தால் துடிப்பு மிகவும் பலவீனமாகிவிடும். அதனால் அப்போது முள் அசையாமல் இருந்தால் அதைப் பழுது என்று நினைக்கக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 77 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு = 22/7 × 77 = 242 செ.மீ. அதாவது 2.42 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். 1000 ÷ 2.42 = சுமார் 413 சுற்று. வளையத்தில் 100 பல் இருந்தால் நிமிடத்துக்கு 41,300 துடிப்பு, ஒரு நொடிக்குச் சுமார் 688! இவ்வளவையும் விடாமல் எண்ணித்தான் கம்ப்யூட்டர் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது.

நோய் அறிகுறிகள்

மேலே சொன்ன வண்டிகளில் இந்த ஒரே சென்சாரின் தகவல்தான் வேகம் காட்டும் முள்ளுக்கும், பின் சக்கர ஏபிஎஸ் பிரேக்குக்கும், கியர் கம்ப்யூட்டருக்கும் போகிறது. அதனால் சென்சார் கெட்டால் பல இடத்தில் ஒரே நேரத்தில் தொல்லை வரும். முள் தாறுமாறாகக் குதிக்கும், ஏபிஎஸ் விளக்கு எரியும், கியர் நேரம் கெட்ட நேரத்தில் 'தடக்' என்று உதைத்துக்கொண்டு மாறும், ஓவர்டிரைவ் விளக்கு விட்டு விட்டு மின்னும். உட்கார்ந்திருப்பவருக்கு, "கியர் பாக்ஸ் போச்சு!" என்றுதான் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறார்கள். கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து வேலை பார்க்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். சென்சாருக்கு அதில் மிகச் சிறிய பங்குதான் ஆகும்.

கண்டுபிடிக்கும் வரிசை

1. முதலில் பார்க்க வேண்டும்: முள்ளும் கியரும் சேர்ந்து தொல்லை செய்கிறதா, தனித்தனியாகவா? இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் சென்சார் பக்கம் சந்தேகம். முள் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் கியர் பாக்ஸ் பக்கம் சந்தேகம்.

2. கியர் பாக்ஸ் ஆயிலைப் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நின்று, சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல ஆயில் சிவப்பாக இருக்கும். கருகிய வாடையோடு பழுப்பாக இருந்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கலாம். பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறைந்தாலே கியர் வழுக்கும்.

3. கம்ப்யூட்டரையே கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கு ஒரே மாதிரி சோதனை முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய ஃபோர்டு வண்டிகளில் ஒரு சின்ன ஒயரை இணைத்துவிட்டு, இன்ஜின் விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுவார்கள். இரண்டு தடவை, பிறகு ஒன்பது தடவை மின்னினால் 29. அடுத்து வந்த மாடல்களில் மூன்று இலக்கம், 452. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: "வேகத் தகவல் எனக்குச் சரியாக வரவில்லை." இதை நன்றாகக் கவனியுங்கள். 'சென்சார் கெட்டுவிட்டது' என்று கம்ப்யூட்டர் சொல்லவே இல்லை! கடிதம் வந்து சேரவில்லை என்றால் எழுதியவர் எழுதாமல் இருந்திருக்கலாம், வழியில் தொலைந்தும் இருக்கலாம்.

4. அதனால் அடுத்து வழியைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் போகும் ஒயர் தண்ணீர், சேறு எல்லாம் படும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் படும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடித்துவிடும். சொருகியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி போல செம்புக் களிம்பு இருக்கலாம். சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

5. இப்போதுதான் சென்சாரைக் கழற்ற வேண்டும். காந்தம் என்பதால் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். மை போல மெல்லியதாக இருந்தால் துடைத்தால் போதும். துண்டு துண்டாக இருந்தால் உள்ளே பல் உடைகிறது என்று எச்சரிக்கை. பிறகு மல்டிமீட்டரில் மின்தடை பார்ப்பார்கள். மின்சாரம் கடக்கவே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது.

6. இவ்வளவும் சரியாக இருந்தால் ஆக்ஸிலரேட்டர் நிலையைச் சொல்லும் சென்சாரையும் சோதித்துவிட்டு, கடைசியாகத்தான் கியர் பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

எச்சரிக்கை: பல டன் எடையுள்ள வண்டி இது. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கி வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும்.

பணம் மட்டும் இல்லை

கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை மலைமேல் ஏறி ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாகப் போகிறது. 1973-ல் திறந்த அந்தச் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 3,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அப்படி ஒரு மலையில் ஏறும்போது மூன்றுக்கும் நான்குக்கும் கியர் மாறி மாறித் தாவினால் ஆயில் சூடேறிக் கருகும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போய்விடும். சின்ன கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கியர் சொன்னபடி கேட்காவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து. "எப்போதாவதுதானே முள் குதிக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

எனக்கு இதில் பிடித்தது அந்த வரிசைதான். சத்தம் வந்த இடத்தில்தான் தப்பு இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் உதைத்தது கியர் பாக்ஸ், தப்பான தகவல் கொடுத்தது அறுந்துபோன ஒரு ஒயர். எளிதாகப் பார்க்கக் கூடியதை முதலில் பார், செலவு வைப்பதைக் கடைசியில் பார், பார்க்காமல் யார் மேலும் பழி போடாதே. இது வண்டிக்கு மட்டுமா பொருந்தும்? நீங்களே சொல்லுங்கள்!

மூளைக்கு வேலை

77 செ.மீ. சக்கரத்துக்குப் பதில் 70 செ.மீ. சக்கரம் மாட்டினால், சென்சார் நன்றாக இருந்தாலும் முள் பொய் சொல்லும். முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 60 × 70/77 = சுமார் 54.5 கி.மீ.தான். அப்படியானால் 84 செ.மீ. சக்கரம் மாட்டினால் உண்மை வேகம் எவ்வளவு? இரண்டில் எது ஆபத்து, ஏன்? விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி